முழங்காலில் இரண்டு தட்டு

பேசாதே என்று யாராவது சொன்னால், எனக்கு அன்றைக்குத்தான் பேசுவதற்கு நிறைய இருக்கும். என் தங்கைக்கு இது தெரியாததல்ல. முப்பத்து மூன்று வருடமாக என்னோடு இருக்கிறாள். தெரிந்தும், ஒரு கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, அட்டையில் சிவப்பு மையால் 'பேசாதே' என்று எழுதி, நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் அதைத் தூக்கித் தூக்கிக் காட்டினாள். வந்ததே எனக்குக் கோபம்.

நான் பல் செட் செய்கிற லேபில் வேலை பார்க்கிறவள். பதினாறு வருடமாக ஊர் பேர் தெரியாதவர்களின் வாயையெல்லாம் சரிசெய்து அனுப்பிக்கொண்டிருக்கிறேன். என் வாயை மூடச் சொல்ல வீட்டுக்குள்ளேயே ஒருத்தி.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். தங்கை பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். மனிதனுக்குப் பேச்சு எப்படி வந்தது என்பதுதான் அவள் எடுத்துக்கொண்ட தலைப்பு. சிரிப்பு வருகிறதா? எங்கள் வீட்டில் எல்லோருக்கும் வந்தது. ஏனென்றால் அவளுக்கு வீட்டில் கோட்டான் என்று பெயர். ஊமைக்கோட்டான் என்று அப்பா வைத்ததில், நாளடைவில் முன்பாதி தேய்ந்து பின்பாதி நின்றுவிட்டது. நாலரை வயது வரை அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. டாக்டரிடம் காட்டினார்கள். காதில் கோளாறு இல்லை, நாக்கில் கோளாறு இல்லை. பக்கத்தில் நின்று எல்லாக் கேள்விக்கும் நானே பதில் சொல்லிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு டாக்டர், "இந்தப் பொண்ணு வாயை மூடினா அந்தப் பொண்ணு தானா பேசும்" என்றார். எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்த டாக்டரை இன்னும் நான் மன்னிக்கவில்லை.

பேச வந்த பிறகும் பெரிதாக ஒன்றும் மாறிவிடவில்லை. கடையில், பள்ளிக்கூடத்தில், கல்லூரியில் சேர்க்கப் போன இடத்தில், எங்கேயும் அவளுக்காக நான்தான் பேசினேன். பின்னே என்ன செய்வது? யாராவது ஒரு கேள்வி கேட்டால் மேலே பார்ப்பாள், கீழே பார்ப்பாள், உதட்டைக் கடிப்பாள். பேசினால் முத்து உதிர்ந்துவிடுமா என்று எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். அதற்கும் பதில் கிடையாது.

அவள் சொல்வது இது. ஆதியில் மனிதன் கல்லைச் செதுக்கி ஆயுதம் செய்தான். கைவேலை கடினமாக ஆக ஆக, அதைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பதும் கடினமானது. கற்றுக்கொடுக்கப் பேச்சு தேவைப்பட்டது. பேச்சுக்கு ஏற்ற மாதிரி மூளை வளர்ந்தது. மூளை வளர்ந்ததும் கைவேலை இன்னும் நுணுக்கமானது. இப்படிக் கையும் மூளையும் நாக்கும் ஒன்றையொன்று பிடித்து இழுத்துக்கொண்டு பல லட்சம் வருடம் நடந்து வந்தன என்பது அவள் கட்சி. சரி, நடந்து வந்தன. அதற்கு நான் எதற்கு?

கல் செதுக்கிக் காட்ட வருவதாக ஒப்புக்கொண்டிருந்த ஆள் கடைசி நேரத்தில் வரவில்லை. தங்கைக்கோ ஒரு ஆணியை நேராக அடிக்கத் தெரியாது. அவளுக்கு மாதிரிச் சில்லுகள் செய்துகொடுப்பதற்காக, வீட்டுப் பின்புறத்தில் உட்கார்ந்து மூன்று மாதமாக நான்தான் சிக்கிமுக்கிக் கல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். தொடையில் தோல் விரித்து, அதன்மேல் கல்லை வைத்து, இன்னொரு உருண்டைக் கல்லால் ஓரத்தில் சாய்வாக ஒரு அடி அடித்தால், பிளேடு மாதிரி ஒரு சில்லு பெயர்ந்து வரும். கோணம் கொஞ்சம் தப்பினால் கல் பொடிப்பொடியாகும், அல்லது கட்டைவிரல் வீங்கும். இரண்டும் ஆகி, கடைசியில் எனக்கு அது கைவந்துவிட்டது.

"அக்கா, நீயே சொல்லிக்கொடு" என்றாள். எண்ணிப் பார்த்தால் மூன்றே வார்த்தை. அவள் மூன்று வார்த்தை சேர்ந்தாற்போல் கேட்டால் நான் எதையும் மறுத்ததில்லை.

ஏற்பாடு இப்படி. இரண்டு வரிசை, வரிசைக்கு ஆறு பேர். நான் முதல் ஆளுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். அவர் இரண்டாவது ஆளுக்கு, இரண்டாவது ஆள் மூன்றாவது ஆளுக்கு, இப்படியே ஆறு வரை. முதல் வரிசையில் யாரும் வாய் திறக்கக் கூடாது. செய்து காட்டலாம், அவ்வளவுதான். இரண்டாவது வரிசையில் இஷ்டம்போலப் பேசலாம். பேசாத வரிசையின் ஆறாவது ஆளைவிடப் பேசிய வரிசையின் ஆறாவது ஆள் நன்றாகச் செதுக்கினால் தங்கை ஜெயித்தாள். பன்னிரண்டு நாளில் மூன்று பேர் கொண்ட குழு அவளைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்கும். அவர்களுக்குத் திருப்தி என்றால் இன்னும் ஒரு வருடம் அனுமதி. இல்லையென்றால் நாலு வருட உழைப்பையும் மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்கு வர வேண்டியதுதான். பேசாத வரிசையில் யாராவது ஒரு வார்த்தை பேசினாலும் அந்த வரிசையே செல்லாது. வேறு ஆறு பேரைப் பிடிக்க நேரமில்லை. அதனால்தான் ஒப்புக்கொண்டேன்.

முதல் நாள் எனக்கு வாய்த்தவர் ஒரு பஸ் கண்டக்டர். என் தலையிலும் அவர் தலையிலும் ஒயர் ஒயராகத் தொங்கும் தொப்பியை மாட்டிவிட்டார்கள். மூளையில் என்ன நடக்கிறது என்று பார்ப்பதற்காம். கண்டக்டர் கல்லை வாங்கிய விதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. டிக்கெட் கிழிப்பதுபோல் இரண்டு விரலால் பிடித்தார். நான் செய்து காட்டினேன். அவர் தலையாட்டினார். அடித்தார். கல்லின் நட்டநடுவில் அடித்தார். மறுபடி காட்டினேன். மறுபடி நட்டநடுவில். 'ஓரத்துல அடிய்யா!' என்று தொண்டை வரை வந்தது. அட்டை மேலே போனது. விழுங்கினேன். பல்லைக் கடித்துக்கொண்டேன். உடனே இன்னொரு அட்டை எழுந்தது: 'பல்லைக் கடிக்காதே.' தாடை இறுகினால் திரையில் ஓடும் மூளைக் கோடுகள் கெட்டுப்போகுமாம்! ஏன்டி, பல் செட் செய்கிறவளைப் பார்த்துப் பல்லைக் கடிக்காதே என்பதா? அதையாவது வாய்விட்டுச் சொல்ல முடிந்ததா? முடியவில்லை.

நாற்பது நிமிடம். ஒரு சில்லு ஒழுங்காக எடுப்பதற்குள் எனக்குப் பிராணன் போய்வந்தது. அறையை விட்டு வெளியே வந்ததும் சுவரைப் பார்த்து நின்று பத்து நிமிடம் திட்டினேன். தண்ணீர் கேன் கொண்டுவந்தவர் பயந்துபோய்க் கேனை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

இரண்டாவது வரிசைக்கு வந்த முதல் ஆள் ஒரு தையல்காரர். அப்பாடா என்று ஆரம்பித்தேன். முதல் நாள் அடக்கி வைத்ததையும் சேர்த்துக் கொட்டித் தீர்த்தேன். அவரும் சளைத்தவரில்லை, சந்தேகமாகக் கேட்டுத் தள்ளினார். "இதையும் பண்ணணுமாங்க?" என்று நடுவில் ஏதோ ஒன்றைக் காட்டிக் கேட்டார். நான் என்ன ஏது என்று பார்க்கவில்லை. "அதெல்லாம் ஒண்ணும் வேணாம், கோணத்தைப் பாருங்க" என்றேன். அரைமணி நேரத்தில் அருமையாக எடுத்தார்.

பேச்சு ஜெயித்துவிட்டது என்று வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். ஒன்பதாவது நாள் அளந்து பார்த்தபோது கதை வேறாக இருந்தது. பேசாத வரிசையின் ஆறாவது ஆள் எடுத்த சில்லுகளும், பேசிய வரிசையின் ஆறாவது ஆள் எடுத்த சில்லுகளும் ஏறக்குறைய ஒன்றுதான். நீளம் ஒன்று, கூர்மை ஒன்று. என்னைப் பாடாய்ப் படுத்திய கண்டக்டர் தனக்கு அடுத்தவருக்கு நன்றாகவே கற்றுக்கொடுத்திருக்கிறார். மூளைக் கோடுகளிலும் சொல்லும்படி ஒன்றுமில்லை. கிழிந்தது போ.

தங்கை அழவில்லை. அழுதிருந்தாலாவது நான் ஏதாவது சொல்லியிருப்பேன். தொட்டியில் சில்லுகளைப் போட்டு ஒவ்வொன்றாகக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவியதையே மறுபடி கழுவினாள்.

"ஏதாவது பேசேன்டி! நாலு வருஷம் போச்சுன்னாவது சொல்லு! என்னைத் திட்டு!"

அவள் அடுத்த சில்லை எடுத்தாள். எனக்குத் தலையை எங்கேயாவது முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. வேறு வழியில்லாமல், அறையில் எடுத்து வைத்திருந்த வீடியோக்களைப் போட்டு உட்கார்ந்தேன். எங்கேயாவது, யாராவது, ஏதாவது தப்புச் செய்திருந்தால் கண்டுபிடித்து அவர்கள் மேல் பழியைப் போடலாம் என்பதுதான் என் எண்ணம்.

பேசாத வரிசையின் ஆறாவது ஆள் ஒரு நர்ஸ். கல்லை எடுத்தாள். உருண்டைக் கல்லால் தன் முழங்காலில் இரண்டு முறை தட்டினாள். டொக் டொக். பிறகு அடித்தாள். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் இரண்டு தட்டு, தவறாமல்.

"இந்தப் பொண்ணுக்கு என்ன கிறுக்கு?" என்றேன்.

ஐந்தாவது ஆளைப் போட்டேன். அவரும் தட்டினார். நாலாவது ஆளும் தட்டினார். மூன்றும் இரண்டும் தட்டினார்கள். கண்டக்டர் பயபக்தியோடு, கண்ணை மூடித் திறந்து, டொக் டொக்.

"பார்த்தியா! இந்த ஆள்தான்! இந்த ஆள் ஆரம்பிச்சு வெச்ச கிறுக்குத்தனத்தை அஞ்சு பேரும் அப்படியே பிடிச்சுக்கிட்டாங்க. எவனாவது சொல்லிக்கொடுத்தானா இதை?"

தங்கை ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். முதல் வீடியோவைப் போட்டாள். அதில் நான் இருந்தேன். கல்லை எடுத்தேன். என் முழங்காலில் டொக் டொக். அடித்தேன்.

"நான் இல்லை" என்றேன்.

அவள் அடுத்த அடியைக் காட்டினாள். டொக் டொக்.

"அது... கல்லுல தூசி இருந்திருக்கும்."

அடுத்தது. டொக் டொக்.

"சரி, நிறுத்துடி!"

பேசிய வரிசையை நானே போட்டுப் பார்த்தேன். அதிலும் தட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். தையல்காரர் ஒரு முறை தன் முழங்காலில் தட்டிவிட்டு நிமிர்ந்து, "இதையும் பண்ணணுமாங்க?" என்கிறார். "அதெல்லாம் ஒண்ணும் வேணாம்" என்கிறேன் நான். அதோடு சரி. அதற்குப் பிறகு அந்த வரிசையில் ஒருவர்கூடத் தட்டவில்லை.

வீட்டுக்குப் போனதும் தட்டாமல் அடித்துப் பார்த்தேன். கை ஓங்கியபடியே அந்தரத்தில் நின்றது. வலுக்கட்டாயமாக அடித்தேன். கட்டைவிரலில் விழுந்தது. மறுநாள் லேபில் கவனித்தால், பல் செட்டுக்கு மெருகு போடும் மெஷினைத் தொடுவதற்கு முன்னாலும் முழங்காலில் இரண்டு தட்டு. பக்கத்து மேஜைக்காரியைக் கேட்டேன். "நான் சேர்ந்த நாள்லேருந்து அப்படித்தான் பண்றீங்க. ஏதோ வேண்டுதல்னு நினைச்சேன்" என்றாள். இதை ஒருத்தியாவது இத்தனை வருடத்தில் சொன்னாளா? எனக்கு வெட்கம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். ஆராய்ச்சியில் அழுக்குக் கலந்துவிட்டது என்று குழு ஒரே வரியில் எழுதி முடித்துவிடலாம். கலந்தவள் நான். எங்கிருந்து இந்தப் பழக்கம் என்னிடம் தொற்றியது என்று யோசித்து யோசித்து மண்டை காய்ந்ததுதான் மிச்சம்.

தங்கை இரண்டு நாள் எழுதிக்கொண்டே இருந்தாள். குழு கூடும் நாளில், செய்து காட்ட என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். வாசற்படியில் நின்று அவள் சொன்னாள்:

"அக்கா, உள்ள நீ வாயே திறக்கக் கூடாது. என்ன ஆனாலும் சரி."

"மறுபடியுமா!"

"என்ன ஆனாலும்."

நீள மேஜை. ஒரு பக்கம் குழுத் தலைவர், அவருக்கு இந்தப் பக்கம் ஒரு மேடம், அந்தப் பக்கம் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்த ஒருவர். மேஜையின் எதிர்ப்பக்கம் நாங்கள் இருவர். நான் செதுக்கிக் காட்டினேன், டொக் டொக்கோடுதான். தங்கை எழுதி வந்ததைப் படித்தாள். படிப்பதற்கென்ன, படித்துவிடுவாள். பேசியவர்கள் கேட்டார்கள், அதனால் தேவையில்லாதது உதிர்ந்தது. பேசாதவர்கள் கேட்க வழியில்லை, அதனால் எல்லாம் அப்படியே போனது என்று முடித்தாள். அதற்குப் பிறகு கேள்விகள் ஆரம்பமாயின.

தலைவர் தாள்களைப் புரட்டினார். "நீங்க தேடினது ஒண்ணு. அது கிடைக்கலை. தற்செயலா ஒரு தட்டு கிடைச்சிருக்கு. அதை வெச்சு இன்னும் ஒரு வருஷம் கேட்கறீங்க. சரி, ஆறு பேருக்கும் இவங்ககிட்டேருந்து போச்சு. இவங்களுக்கு எங்கேருந்து வந்தது? அதுவே தெரியலைன்னா, வெறும் கைநடுக்கத்தைப் பழக்கம்னு சொல்றீங்களோன்னு ஆயிடும் இல்லையா?"

நியாயமான கேள்விதான். நான் தங்கையைப் பார்த்தேன். அவள் மேலே பார்த்தாள். கீழே பார்த்தாள். உதட்டைக் கடித்தாள்.

போச்சு என்று நினைத்தேன். கடிகாரம் பார்க்கிறவர் பேனாவை மூடினார். மேடம் இரக்கமாகப் பார்த்தார். அந்த இரக்கத்தை என்னால் தாங்க முடியவில்லை. சொல்லுடி, ஏதாவது உளறு, தெரியாது என்றாவது சொல், வாயில் என்ன பூட்டா போட்டிருக்கிறது? என் நாக்கு மேலண்ணத்தில் முட்டிக்கொண்டு நின்றது. இத்தனை வருடம் இந்த இடத்தில்தான் நான் உள்ளே புகுந்திருக்கிறேன்.

அப்போது மேஜைக்கு அடியில் அவள் கை என் முழங்காலுக்கு வந்தது. இரண்டு முறை தட்டியது.

எனக்குப் பளிச்சென்று ஞாபகம் வந்தது. அவளுக்கு இரண்டு வயது, எனக்கு ஏழு. தண்ணீர் வேண்டும் என்றால் வந்து என் முழங்காலில் இரண்டு தட்டு. பொம்மை வேண்டும் என்றால் இரண்டு தட்டு. அத்தை வந்து அவள் பெயரைக் கேட்டால் இரண்டு தட்டு. நீ சொல் என்று அர்த்தம். நான் சொல்லிவிடுவேன். நாள் முழுக்கத் தட்டியிருக்கிறாள், வருடக்கணக்கில் தட்டியிருக்கிறாள். கல்லூரியில் சேர்க்கப் போன அன்று கடைசியாகத் தட்டினாள். அவள் நிறுத்தியதை நான் எடுத்துக்கொண்டுவிட்டேன் போலிருக்கிறது. கஷ்டமான காரியம் எதையும் நான் தொடங்குவதற்கு முன்னால் அந்தத் தட்டு எனக்கு வேண்டியிருந்திருக்கிறது.

பதில் என் வாய்க்குள் முழுசாக இருந்தது. தலைவர் கேட்ட கேள்விக்கு இந்த உலகத்தில் இதைவிடச் சரியான பதில் கிடையாது. திறந்தால் கொட்டிவிடலாம். ஒரு நிமிடம்கூட ஆகாது. கொட்டிவிட்டால், நாலு வருடம் பேச்சைப் பற்றிப் படித்த பெண்ணுக்குப் பேச அவள் அக்கா வேண்டும் என்று மூன்று பேரும் தெரிந்துகொள்வார்கள். அவளும் அதையே தெரிந்துகொண்டு வீட்டுக்கு வருவாள்.

நான் முழங்காலை நகர்த்திக்கொண்டேன்.

அவள் கை அந்தரத்தில் நின்றது எனக்குத் தெரிந்தது. நான் சுவரில் இருந்த ஸ்விட்ச் போர்டைப் பார்த்தேன். ஆறு ஸ்விட்ச். அதில் ஒன்றுக்கு மூடி இல்லை. என் வாழ்க்கையில் இவ்வளவு நேரம் நான் எதற்கும் சும்மா இருந்ததில்லை.

"என்கிட்டேருந்து வந்தது சார்" என்றாள் தங்கை.

குரல் முதலில் உடைந்துதான் வந்தது. "சின்ன வயசுல நான் பேச மாட்டேன். ஏதாவது வேணும்னா அக்கா முழங்கால்ல ரெண்டு தட்டு தட்டுவேன். அவங்க எனக்காகச் சொல்லிடுவாங்க. எனக்கு வார்த்தையே தேவைப்படலை, அதனால வரவும் இல்லை. நான் விட்டுட்டேன், அவங்களுக்கு ஒட்டிக்கிச்சு. ஏன் தட்டறோம்னு அவங்களுக்குத் தெரியாது. அவங்க கேட்டதில்லை, நான் சொன்னதில்லை. எங்க ரெண்டு பேருக்கு நடுவுல ஒரு தட்டு முப்பது வருஷம் இப்படியே வந்திருக்கு சார். அப்புறம் இங்க வந்து இன்னும் ஆறு பேருக்குப் போயிருக்கு. தையல்காரர் ஒருத்தர்தான் இதைப் பண்ணணுமான்னு கேட்டார். அங்கே நின்னுடுச்சு. சொல்லிக்கொடுக்கத்தான் பேச்சு வந்துச்சுன்னு நாலு வருஷமா நினைச்சேன். இப்போ, கேட்கறதுக்கும் வந்திருக்குமோன்னு தோணுது."

"பன்னெண்டு பேரை வெச்சு இவ்வளவு பெரிய வார்த்தை சொல்லக் கூடாதும்மா."

"சொல்லலை சார். சொல்லலாமா கூடாதான்னு பார்க்கத்தான் ஒரு வருஷம் கேட்கறேன்."

மேடம் சிரித்துவிட்டார். கடிகாரக்காரர் பேனாவைத் திறந்தார். மூன்று பேரும் தலையைச் சேர்த்துக் கிசுகிசுவென்று பேசினார்கள். தலைவர் கையெழுத்துப் போடக் குனிந்தவர், நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"நீங்க ஒண்ணுமே பேசலையேம்மா. இவங்க சொல்றது உண்மைதானா? உங்க வாயால கேட்டுக்கறேன்."

வாயைத் திறந்தேன். எத்தனை நேரமாக இதற்காகத் துடித்துக்கொண்டிருந்தேன்! ஒரு சத்தமும் வரவில்லை. கண் வேறு மறைத்தது. அவர் காத்திருந்தார். வார்த்தையைத் தேடினேன், ஒரே ஒரு வார்த்தை, அது எங்கே போனதென்றே தெரியவில்லை. மேஜைக்கு அடியில் கையை நீட்டி, தங்கையின் முழங்காலில் இரண்டு முறை தட்டினேன்.

"ஆமான்னு சொல்றாங்க சார்" என்றாள் அவள்.